தலைவர் பார்க்காத சட்டி

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் சட்டியைத்தான் பார்ப்பார். வாசலில் நின்று ஸலாம் சொல்லுவார்; நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குசினிக்குள் நிற்பார். உம்மா வழியில் தூரத்துச் சொந்தம், எனக்குக் காக்கா, மூத்த அண்ணன் முறை, அந்த உரிமையில்தான் இந்த வேலை. மூடியை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே கிடக்கிற மீனின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "என்ன ஆணம் தங்கச்சி?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். ஒரு நாள் வெறும் கத்தரிக்காய் ஆணம்தான் இருந்தது. மனிதர் அகப்பையை எடுத்து அடிவரை கிண்டிப் பார்த்தார்.

"மீன் கீன் ஒளிச்சிருந்தா சொல்லுங்க காக்கா, நானும் சாப்பிடுறன்" என்றேன்.

"கோவிக்காத புள்ள. பாத்தாத்தான் மனம் ஆறும். பாக்காம நான் நம்பிற ஒரே ஒருத்தன் அல்லாஹ் மட்டுந்தான்" என்றார்.

இது அவர் வாயில் எப்போதும் இருக்கிற கதை. சங்கக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்லுவார், தேத்தண்ணிக் கடையில் சீனி போட்டார்களா என்று கரண்டியால் கிண்டும்போதும் இதைத்தான் சொல்லுவார்.

அவர் எங்கள் குளத்து மீனவர் சங்கத்தின் தலைவர். நாங்கள் சாய்ந்தமருதில் கடலோடு இருந்த ஆட்கள். சுனாமிக்குப் பிறகு வட்டைப் பக்கம், வயல்வெளியோரம் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வந்தோம். என் மனிசன் அதற்குப் பிறகு கடலில் இறங்கவே இல்லை. ஒரு சின்னத் தோணியை வாங்கிக் குளத்துக்கு மாறினார். அவர் பிடிப்பதையும் மற்றத் தோணிகளில் மிஞ்சுவதையும் நான் வெட்டி, உப்பிட்டுக் காயப்போட்டு, கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோவேன். கடற்கரைச் சனத்துக்குக் குளத்து மீன் என்றால் இளக்காரம், சேத்து நாத்தம் என்பார்கள். கடல் கொந்தளித்து இரண்டு நாள் தோணி போகாவிட்டால் அதே வாயால், "குளத்து மீன் இரிக்கா ராத்தா?" என்று கெஞ்சுவார்கள்.

எங்கள் குளம் வெள்ளாமைக்குக் கட்டிய குளம். மீன் அதற்கு இரண்டாந்தாரத்துப் பிள்ளை. கோடையில் சிறுபோக வெள்ளாமைக்குத் துருசை, அணைக்கட்டு மதகைத் திறந்தால் வயல் குடித்து முடிக்கும் மட்டும் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கும். கடைசியில் சேறும் சகதியும்தான் மிஞ்சும். அணைக்கட்டின் ஓரம், மருத மரத்தடியில் மட்டும் ஒரு ஆழமான மடு வற்றாமல் கிடக்கும். தாய் மீனெல்லாம் அங்கேதான் போய் ஒதுங்கும். அந்த மடுவில் வலையை விட்டு வழித்தால் அந்தக் கிழமை கொண்டாட்டம்தான், அடுத்த வருஷம் குளம் நிறைந்தாலும் வெறும் தண்ணீரைத்தான் அள்ளலாம். என் வீட்டு அடுப்பு அந்த மடுவை நம்பித்தான் எரிந்தது, எல்லார் வீட்டு அடுப்பும் அப்படித்தான்.

அதனால் தலைவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி, மழை விழும்வரை மடுவுக்குள் ஒருத்தரும் வலை போடுவதில்லை என்று கை உயர்த்த வைத்தார். "இது அமானிதம், அல்லாஹ் நம்மள நம்பித் தந்த பொருள். மஹ்ஷர் நாள்ல பதில் செல்லணும்" என்றார். தங்கூசி வலையும் குளத்துக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அந்த நைலோன் வலை குஞ்சையும் விடாது, தாயையும் விடாது. மீறினால் வலையைத் துறையடியில் வைத்து எரிப்பது, தோணியை அந்தப் போகம் முழுக்கக் கரையேற்றி வைப்பது.

சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காக்க அவர் பண்ணிய கூத்து இருக்கிறதே! காலையில் துறையடிக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் தோணிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "வாங்க, என்ட தோணியப் பாருங்க. பாத்துப்போட்டு மறுகா மற்றவன்டயப் பாப்பம்" என்று கூப்பிடுவார். பலகையைத் தூக்கிக் காட்டுவார், சாரனைக்கூட உதறிக் காட்டுவார். பிறகு ஒவ்வொரு வலையாகப் போய் மூன்று விரலையும் சேர்த்து வலையின் கண்ணுக்குள் விடுவார். விரல் போகாத வலை தண்ணீரைக் காணாது. எல்லாரும் அவரை நீதவான் என்றார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். கேட்காமலே எந்நேரமும் தன்னைச் சோதிக்கச் சொல்லுகிற மனிதரை எப்படி நம்புவது? மடுவுக்குக் காவல் என்று தனியாகப் போகிறவரும் அவர் ஒருவர்தானே.

அவர் சந்தேகம் எங்களோடு நின்றதா? அதுவும் இல்லை. ஒரு முறை குளத்தில் விட மீன் குஞ்சு வந்தது. காற்றடைத்த பைகளில் தண்ணீரோடு லொறியில் வந்திறங்கியது. கூட வந்த அதிகாரி அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை, புதிதாக வேலைக்கு வந்தவள். பைகளைக் கொஞ்ச நேரம் குளத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போன பிறகு திறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். தலைவர் விடவில்லை. "உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு பாக்காம எப்படி விடுற?" என்று ஒரு பையைப் பறித்து, தன் வீட்டுப் பெரிய பேசினில் கொட்டி, கொதிக்கிற வெயிலில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. உடனே எழும்பிக் கத்தினார்.

"பாத்தீங்களா! செத்த மீனத்தான் நம்மட தலையில கட்டப் பாத்திருக்காங்க!"

அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். அவள் மிதக்கவிட்ட பைகளில் இருந்த குஞ்சுகள் துள்ளிக்கொண்டு போயின. அதைக் கண்ட பிறகும் தலைவர், "அது வேற பை" என்றுதான் சொன்னார்.

இன்னொரு முறை வட்டவிதானை கள்ளமாகத் தண்ணீர் திறக்கிறார் என்று ஒரு எண்ணம். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டவிதானை. துருசைச் சுற்றித் திறக்கிற சில்லில் தலைவர் ஒரு கறுப்பு நூலைக் கட்டி வைத்தார். மறுநாள் நூல் அறுந்து கிடந்தது. போகத்துக்கு முந்திய விவசாயக் கூட்டத்தில், பெரிய பெரிய ஆட்களெல்லாம் இருக்கும்போது எழும்பி, "ஆரு அறுத்த?" என்று கேட்டார். வட்டவிதானை பாவம், எழும்பினார்.

"நாந்தான் காக்கா. என்னையும் என்ட வெள்ளாமையையும் நாசமாக்க ஆரோ செய்வினை செஞ்சி கட்டியிரிக்காங்க எண்டு பயந்து போயிட்டன். லெப்பையக் கூட்டி வந்து ஓதித்தான் அறுத்த."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து என்னிடம் மெல்ல, "லெப்பையும் இதுக்கு உடந்தை" என்றார்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகலாம். என் மனிசனுடைய வலைக்கு அவர் செய்ததைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. வலையில் ஒரு இடத்தில் முதலை கிழித்துவிட்டது. கையில் வேறு நூல் இல்லாமல் இவர் தங்கூசியால் ஒரு கையளவு இடத்தைத் தைத்திருந்தார். தலைவரின் மூன்று விரலும் அந்த இடத்துக்குத்தான் நேராகப் போனது.

"தங்கூசி" என்றார்.

"மச்சான், அது பொத்தல் அடைச்ச நூல். வலை இல்ல" என்று இவர் சொன்னார்.

"இண்டைக்கு நூல், நாளைக்கு வலை."

முழு வலையையும் துறையடியில் போட்டு எரித்தார். தோணி கரையேறியது. நான் ஓடிப்போய்க் கேட்டேன், கத்தினேன், கையெடுத்தும் கெஞ்சினேன். எல்லாரும் கேட்க அவர் சொன்னது இதுதான்: "என்ட மகனா இரிந்தாலும் இதத்தான் செய்வன்." அவருக்கு மகன் இல்லை, ஒரே ஒரு மகள்தான். இல்லாத மகனுடைய வலையை எரிக்கிறது லேசுதானே என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தப் போகம் முழுக்க என் மனிசன் கூலிக்கு வயல் வெட்டப் போனார். அந்த வருஷம் நோன்புப் பெருநாளைக்கு என் பிள்ளைகள் பழைய உடுப்போடு பள்ளிக்குப் போனதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

அடுத்த வருஷம் அவருடைய மகளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். தலைவரும் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பின்வளவில் தகரம் போட்ட ஒரு அறைக்குப் பெண்சாதியோடு மாறினார். மருமகன் ஒழுக்கமான பெடியன், தாடியும் தொப்பியும், மெல்லிய குரலும். தோணி ஒன்றும் வாங்கிச் சங்கத்தில் சேர்ந்தான். தலைவரின் தோணிக்குப் பக்கத்தில்தான் அதையும் கட்டுவார்கள்.

மருமகனுக்கு மாமனார் கொடுக்கிற மரியாதை எங்கள் ஊரில் தெரியும்தானே. அவன் முன்வாசலால் வந்தால் இவர் பின்வாசலால் போவார். அவன் சாப்பிடும்போது அந்தப் பக்கமே தலை காட்டமாட்டார். நல்ல மீன், நல்ல துண்டு, நல்ல கதிரை எல்லாம் அவனுக்கு. ஊரில் எல்லார் சட்டியையும் திறந்து பார்த்த மனிதர் தன் மகளின் குசினிப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. மருமகனுடைய சோற்றுச் சட்டியைப் பார்ப்பது மானக்கேடு. துறையடியிலும் தன் தோணியைக் காட்டிவிட்டு, மருமகனுடைய தோணியைத் தாண்டி மூன்றாவது தோணிக்குத்தான் போவார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சிறுபோகத்தில் வெயில் கொளுத்தியது. குளம் ஒடுங்கி மடு மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் காலையில் தலைவரின் மகள் முந்தானையால் மூடி ஒரு வாளியைக் கொண்டுவந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை.

"மாமி, இதக் காயப்போட்டுத் தாங்க. அவரு கொண்டந்த. வாப்பாக்குச் செல்லிராதீங்க" என்றாள்.

வாளி நிறைய நல்ல பெரிய திலாப்பியா. அவள் போன பிறகு கத்தியை எடுத்து முதல் மீனின் செவுளைக் கிழித்தேன். வாய்க்குள் இருந்து மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் என் கையில் கொட்டின. அடுத்த மீனின் வாயில் கண் முளைத்த குஞ்சுகள். தாய்த் திலாப்பியா தன் முட்டையை வாயில் வைத்துத்தான் காக்கும், பிள்ளை பெரிதாகும்வரை இரையும் தின்னாது. இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட தாய் மீன் மடுவைத் தவிர வேறு எங்கே இருக்கும்? அந்தக் குஞ்சுகளை ஒரு கிண்ணத்தில் தண்ணீரில் விட்டேன். ஒன்றும் தப்பவில்லை. பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியட்டும், பள்ளி முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் கேட்கிறேன் என்று நினைத்தேன். "என்ட மகனா இரிந்தாலும்" என்றீர்களே காக்கா, மருமகன் என்றால் என்ன செய்வீர்கள்? இதைத்தான் அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். இன்னொன்றையும் யோசித்தேன். ஊரில் எவன் தும்மினாலும் தெரிகிற மனிதருக்கு, தன் வளவுக்குள் மீன் வாடை வந்தது தெரியாதா?

வெள்ளிக்கிழமைக்கு முந்தியே காரியம் கெட்டது. யாரோ மடுவில் மிதப்புகளைக் கண்டு இழுத்தார்கள். தங்கூசி வலை, அதில் சிக்கிச் செத்த தாய் மீன்கள். மிதப்புக் கட்டைக்குப் பதிலாக நீல நிற ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டிக் கட்டியிருந்தது. வலையைத் துறையடிக்கு இழுத்துவந்து போட்டார்கள். எல்லாத் தோணிக்காரரும் கூடிவிட்டார்கள். நானும் பேசினோடு அங்கேதான் நின்றேன். எல்லாக் கண்ணும் தலைவரில்தான். மடுவுக்குப் போகிறவர் அவர்தானே. எனக்கு மட்டும் இருந்த சந்தேகம் என்று நான் நினைத்தது எல்லாருக்கும் உள்ளே இருந்திருக்கிறது.

அவர் வழக்கம் போலத் தன் தோணியடிக்குப் போனார்.

"என்ட தோணியப் பாருங்க மொதல்ல."

பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு அவர் ஒருபோதும் செய்யாத வேலையைச் செய்தார். மருமகனுடைய தோணிக்குத் திரும்பி, குனிந்து, பலகையைத் தூக்கினார். மருமகன் கொஞ்சம் தள்ளி நின்றான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. மற்றவர்களுக்குத் தலைவரின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்குப் பலகைக்குக் கீழே கிடந்ததும் தெரிந்தது. சுருட்டிய தங்கூசியும், வெட்டி மிஞ்சிய நீலச் செருப்பும்.

அவர் முகத்தையும் பார்த்தேன். இவ்வளவு காலம் கழிந்தும் அந்த முகத்தை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அது திடுக்கிட்ட முகமா, தெரிந்ததையே பார்த்த முகமா?

பலகையை மெல்ல வைத்தார். நிமிர்ந்தார்.

"இதுல ஒண்டும் இல்ல" என்றார். பிறகு, "அந்த வலை என்ட" என்றார்.

பிறகு எல்லாரும் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கினார்கள். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், நான் அப்பவே சொன்னேன் என்று ஆளுக்கு ஆள் வீரம். அவர் சொன்ன உண்மையை எல்லாம் அரைமனதாகக் கேட்டவர்கள் அவர் சொன்ன ஒரே பொய்யை முழுசாக நம்பினார்கள். தலைவர் குனிந்து அந்த வலையைத் தூக்கி, மூன்று விரலையும் சேர்த்துக் கண்ணுக்குள் விட்டார்.

"போகல்ல. பாத்துக்கங்க" என்று எல்லாருக்கும் காட்டினார். நெருப்பையும் அவரே வைத்தார்.

நான் வாய் திறந்திருக்கலாம். மனம் இரங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், என் வலை எரிந்த அதே இடத்தில் அவர் தலை குனிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டவள்தான். ஆனால் மருமகன் அவமானப்பட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போவான், அந்தப் பிள்ளை வயிற்றோடு வாசலில் நிற்பாள். அதுவும் தெரிந்தது. அழுகை வந்தது. கோபத்திலும் அழுகை வரும்தானே. பேசினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தலைவர் பதவி போனது, தோணி கரையேறியது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் வாசலில் அவருடைய ஸலாம் கேட்டது.

"வாங்க காக்கா, சட்டி அடுப்பிலதான் இரிக்கி" என்றேன்.

அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"தங்கச்சி, அண்டைக்கு நீ கண்டதானே?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரிக் கதைக்காத. பக்கத்துலதான் நிண்ட."

"ஓம், கண்டன்."

"கண்டுபோட்டு ஏன் வாயத் தொறக்கல்ல?"

"உங்கட மகளுக்காகத்தான், வேற என்னத்துக்கு?"

என்னை அவர் வலையைப் பார்க்கிற மாதிரியே மேலும் கீழும் பார்த்தார். "அது மட்டுந்தானா? என்ன வேணும் உனக்கு?" என்றார்.

"அல்லாஹ்வே! உங்களுக்கு நல்லது செஞ்சாலும் அதையும் கிண்டிப் பாக்கணுமா? பேசாமப் போங்க காக்கா!" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"நில்லுங்க. பலகையத் தூக்க முந்தியே உங்களுக்குத் தெரியுமா?"

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"பாக்காம நான் எதையாச்சும் நம்பியிரிக்கனா தங்கச்சி?" என்றார். அவ்வளவுதான். அது ஓமா, இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தி மவுத்தாகிப் போனார். ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர், தொழுகையாளி, ஆனா குளத்துக்குத் துரோகம் செஞ்சிட்டார் என்று குசுகுசுத்தார்கள். சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்து போன மருமகன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான்.

அந்த மருமகன்தான் இப்போது சங்கத் தலைவர். மாமனார் அப்படி, மருமகன் தங்கம் என்று ஊரே சேர்ந்து கையுயர்த்தித் தெரிவு செய்தது. அமானிதம் பற்றி அவன் பள்ளி முற்றத்தில் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். துறையடியில் யாருடைய வலைக்குள்ளும் விரல் விடமாட்டான். "நாங்க ஒருத்தர ஒருத்தர் நம்பணும்" என்பான். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. மடுவுக்கும் அவன்தான் காவல் போகிறான்.

இந்த வருஷமும் குளம் ஒடுங்கிக்கொண்டு வருகிறது. மருத மரத்தின் வேர் வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. நேற்றுச் சந்தையால் வருகிற வழியில் பழைய தலைவரின் மகள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை முற்றத்தில் விளையாடியது, வாப்பா மடுப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னது. ஸலாம் சொன்னேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் குசினிக்குள் நின்றேன்.

"என்ன மாமி?" என்று பின்னால் வந்தாள்.

"ஒண்டுமில்ல மகள். என்ன ஆணம்?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் தூக்கினேன். பருப்புத்தான் இருந்தது. அகப்பையை விட்டு அடிவரை கிண்டிப் பார்த்துவிட்டு, மற்றச் சட்டியின் மூடிக்குக் கையை நீட்டினேன்.